அலுமினிய ஃபிரேம் என்றாலே லேசா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டர்ட் பைக் (மண், மேடு பள்ளத்தில் ஓட்டும் வண்டி) பற்றி உங்கள் வாகனப் பகுதியில் படித்தேன். அலுமினிய ஃபிரேம் (வண்டியின் எலும்புக்கூடு போன்ற சட்டம்) போட்டால் வண்டி லேசாகிவிடும் என்று அதில் சொல்லியிருப்பது பாதிதான் உண்மை. அலுமினியத்தின் கனம் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு, சரி. ஆனால் விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான், அதை ஈடுகட்ட குழாயை நல்ல தடிமனாக, அகலமாக வைக்க வேண்டியிருப்பதால் மிச்சம் பிடித்த எடையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. அப்படித் தடிமனாக வைத்தால் விறைப்பு அளவுக்கு மீறியும் போகலாம்: 1997இல் ஹோண்டாவின் டர்ட் பைக்கான சிஆர்250ஆர் அலுமினிய ஃபிரேமோடு வந்தபோது, ரொம்ப விறைப்பாக இருக்கிறது என்று ஓட்டியவர்களே குறைப்பட்டார்கள். கேடிஎம் நிறுவனம் இன்றும் தன் மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) வண்டிகளின் ஃபிரேமை குரோம் மாலிப்டினம் கலந்த ஸ்டீல் குழாயில்தான் கட்டுகிறது, அவை ஒன்றும் கனமான வண்டிகள் இல்லை.

பழுது பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. என் ஸ்டீல் ஃபிரேம் வண்டியில் ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) ஓரம் தலைமுடி போல ஒரு விரிசல் விட்டது. பெயின்டைச் சுரண்டிக் காட்டினேன், அன்று சாயங்காலமே தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்கள். அலுமினியமாக இருந்தால் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு விட்டுப் பற்றவைக்கும் முறை) தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும், அப்புறம் பற்றவைத்த இடத்தில் பலமும் குறையும்.

அடுத்த முறை ஃபிரேம் எடையைத் தனியாகவும் வண்டியின் மொத்த எடையைத் தனியாகவும் போடுங்கள்.

ஒரு வாசகர், கோவை