ஜாமீன் போட்டவருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

நான் செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிப் பட்டறைக்காரங்களுக்கு கணக்கு எழுதறவன், ஜிஎஸ்டி போடறது, பேங்க் லோனுக்கு பேப்பர் ரெடி பண்ணிக் குடுக்கறது, இதான் பொழப்பு. சிபில் ஸ்கோரை, அதாவது நாம கடன ஒழுங்கா கட்டறமான்னு பாத்துப் போடற மார்க்கை, ஏத்தறது எப்படின்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, கிரெடிட் கார்டை அளவா தேய்க்கணும் டியூவ டைமுக்கு கட்டணும்னு எல்லாம் சரிதான், ஆனா எங்கிட்ட வர்றவங்கள்ல நெறைய பேருக்கு அடி விழறது சொந்தக் கடனால இல்லீங்க, மச்சானுக்கும் பங்காளிக்கும் போட்ட ஜாமீன் கையெழுத்தால. அதப் பத்தி ஒரு வரி கூட காணோம்.

கையெழுத்து வாங்கறப்ப "சும்மா ஃபார்மாலிட்டிதாங்க"ம்பாங்க. சட்டம் அப்படி சொல்லல. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி, பத்திரத்துல வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. சிபில் ரிப்போர்ட்ட தெறந்து பாத்தா அந்தக் கடன் உங்க பேர்லயும் உக்காந்திருக்கும், ஜாமீன்னா கேரண்டர்னு, கூட சேந்து கடன் வாங்கற கோ-அப்ளிகண்ட்டா போட்டிருந்தா ஜாயிண்ட்னு.

சிவதாபுரம் பட்டறைக்காரர் ஒருத்தர், தன் கடன்ல ஒரு டியூ தவறினதில்ல, வீட்டு லோன் கேக்கப் போனா மேனேஜர் இழுக்கறார். பாத்தா அக்கா வீட்டுக்காரர் வாங்கின மெஷின் லோன். அவரக் கேட்டா "நான் என்ன மாப்ள கட்டாம ஓடிட்டனா, கட்டிக்கிட்டுத்தான இருக்கேன்"ங்கறார். அதுவும் பொய் இல்லீங்க. கொலுசு யாவாரத்துல கடைக்காரங்க பணம் சீசன்லதான் மொத்தமா வரும், அதனால மாச ஆரம்பத்துல கட்ட வேண்டியத கடைசில கட்டுவார், சில சமயம் அடுத்த மாசத்துக்கும் போயிடும். 90 நாள் தாண்டினாத்தான் வாராக்கடன், அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நம்ம ஆளுங்க நெனப்பு. ஆனா எத்தன நாள் லேட்டுங்கறது ரிப்போர்ட்ல தனியா ஏறுது, அதுவும் 2025 ஜனவரில இருந்து பேங்குங்க 15 நாளைக்கு ஒரு தடவயாவது விவரம் அனுப்பணும், முன்ன மாதிரி மாசக் கடைசிக்குள்ள கட்டி சமாளிச்சுக்கலாம்ங்கற கதையெல்லாம் நடக்காது. சரி, அவர் ஒழுங்காவே கட்டறார்னு வைங்க, அப்பவும் நாளைக்கு நீங்க லோன் கேட்டா இவருக்கு ஏற்கனவே இவ்வளவு பொறுப்பு இருக்குன்னு பேங்க் கணக்குப் போட்டு தொகையக் கொறைக்கலாம்.

ஜாமீனே போடாதீங்கன்னு புத்தி சொல்றவங்க எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாள் வந்து பாக்கணும். அக்காவுக்கு எப்படிங்க மாட்டேன்னு சொல்றது? போட்டப்புறம் ஒரு லெட்டர் குடுத்து வெளிய வந்துடலாம்னும் நெனைக்க வேண்டாம், பேங்க் ஒத்துக்கணும், அதுக்கு வேற ஜாமீன்தாரரோ சொத்தோ கேப்பாங்க. நீங்களே கட்டித் தீத்தா கடன் வாங்கினவர்கிட்ட திரும்ப வசூல் பண்ண 145வது பிரிவுல வழி இருக்கு, அக்கா வீட்டுக்காரர் மேல கேஸ் போடறவங்க யாருன்னுதான் தெரியல.

என் கோரிக்கை ஒண்ணுதாங்க. டியூ தவறின அன்னிக்கே ஜாமீன்தாரருக்கும் ஒரு எஸ்எம்எஸ் வரணும், போன் நம்பர்தான் ஃபார்ம்லயே வாங்கி வெச்சிருக்காங்களே. நான் பாத்த வரைக்கும் இவங்களுக்கு விஷயம் தெரியறதே வக்கீல் நோட்டீஸ் வந்தப்புறம், இல்லன்னா சொந்த லோன் ரிஜெக்ட் ஆனப்புறம். முன்னாடியே தெரிஞ்சா ஒரு டியூவ கைமாத்தா கட்டிட்டு மாமாவ சத்தம் போட்டாவது சரி பண்ணிக்கலாம்.

அது வர்ற வரைக்கும் ஜாமீன் போட்டவங்க ரிப்போர்ட்ட அப்பப்ப பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு கடன் விவரம் சேத்து வைக்கற நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு ஃபுல் ரிப்போர்ட் ஃப்ரீயா தரணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, நம்ம ரிப்போர்ட்ட நாமளே பாத்தா ஸ்கோர் கொறையாது. தப்பா ஏதும் ஏறியிருந்தா புகார் குடுங்க, 30 நாள்ல தீக்கலன்னா அதுக்கு மேல நாளொண்ணுக்கு 100 ரூபா நஷ்டஈடு உண்டு. கடன் முடிஞ்சதும், பாக்கி இல்லன்னு பேங்க் குடுக்கற என்ஓசி காப்பி ஒண்ணு கேட்டு வாங்கி, ரிப்போர்ட்ல க்ளோஸ்டுன்னு மாறிடுச்சான்னும் பாருங்க. கொறச்சுப் பேசி முடிச்சிருந்தா செட்டில்டுன்னு ஏறும், அடுத்த லோன் குடுக்கறவங்களுக்கு அது ஆகாது.

மாவட்ட பேங்கர்ஸ் கூட்டத்துல கலெக்டர் இந்த எஸ்எம்எஸ் விஷயத்த கேக்கற மாதிரி உங்க பேப்பர்ல கொஞ்சம் பெருசாவே போடுங்கய்யா.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.