70 நாளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

திருப்பூர்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். பனியன் கம்பெனிப் பெண்களுக்குப் பிரசவகால இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். பணம் கணக்கில் ஏறியதும் அந்தப் பெண்கள் எங்களிடம்தான் வந்து நன்றி சொல்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. யார் யாருக்கு, எதற்காக என்று விவரமாகவே எழுதிவிடுகிறோம். அடுத்து வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்களுக்கும் இந்த விவரம் உதவும்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறோம். நாளுக்கு 460 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் சம்பளம் 11,960 ரூபாய். அதில் தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இல்லாதவருக்குப் பிரசவத்துக்கு 26 வாரம், முழுச் சம்பள விகிதத்தில் பணம். இதில் ஞாயிற்றுக்கிழமைக்கும் காசு உண்டு என்பதால் 182 நாள் கணக்கு: 460 × 182 = 83,720 ரூபாய். இதைச் சொன்னால் முதல் தடவை யாரும் நம்புவதில்லை. "90 ரூபாய் புடிச்சதுக்கா இவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள்.

டைம் ஆபீஸ் அண்ணன்களே, உங்களில் சிலருக்கு முதல் நன்றி. புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேரும்போது, "இதுக்கு முன்னாடி எங்கம்மா வேலை பார்த்தே, இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா?" என்று கேட்டீர்களே, அந்த ஒரு கேள்விக்காக. 10 இலக்க இ.எஸ்.ஐ. எண் ஆளுக்கு ஒன்றுதான், கம்பெனிக்கு ஒன்று அல்ல. கம்பெனி மாறினாலும் பழைய எண்ணிலேயே தொடர வேண்டும். கேட்காமல் புது எண் போட்டுவிட்டால், பழைய கம்பெனியில் உழைத்த நாளெல்லாம் ஓர் எண்ணிலும் புது நாளெல்லாம் இன்னோர் எண்ணிலும் கிடக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால், பிரசவப் பணம் கிடைக்க வேண்டிய 70 நாள் தேறாது. சேர்த்தால் 110 நாள் இருக்கும். இரண்டு எண்ணையும் ஒன்றாக்க எழுதிக் கொடுத்துவிட்டு, வயிறு பெருக்கப் பெருக்க ஆபீசுக்கும் கம்பெனிக்குமாக நடந்த பெண்கள் உண்டு. நீங்கள் கேட்ட ஒரு கேள்வி அந்த நடையை மிச்சம் பிடித்தது.

அந்த 70 நாள் கணக்கு பலருக்கும் குழப்பம் தருவது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஏப்ரல்-செப்டம்பரில் கட்டிய பணத்துக்குப் பலன் கிடைக்கும் காலம் அடுத்த ஜனவரி-ஜூன். அக்டோபர்-மார்ச் சந்தாவுக்கு ஜூலை-டிசம்பர். பிரசவ தேதி எந்தப் பலன் காலத்தில் விழுகிறதோ, அதற்குரிய சந்தா காலமும் அதற்கு முந்தியதும் சேர்ந்து 70 நாள் வேண்டும். 2026 பிப்ரவரியில் பிரசவம் என்றால் பார்ப்பது 2024 அக்டோபரிலிருந்து 2025 செப்டம்பர் வரை. 2025 அக்டோபருக்குப் பிறகு நிறைமாத வயிற்றோடு ஓவர்டைம் பார்த்தாலும் அந்த நாள் இந்தப் பிரசவக் கணக்கில் ஏறாது. ஏழாம் மாதத்தில் வந்து "இன்னும் 20 நாள் போய் முடிச்சிடறேன்" என்பவர்களிடம் இதைச் சொல்வது எங்களுக்குக் கஷ்டமான வேலை.

முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு கணக்கு. சேர்ந்த நாளிலிருந்து 9 மாதம் கழித்துத்தான் அவர்களுடைய முதல் பலன் காலம் தொடங்கும். ஜூன் 10இல் சேர்ந்தவருக்கு மார்ச் 10இல் தொடக்கம். பிப்ரவரி கடைசியில் பிரசவம் என்றால் பணப்பலன் இல்லை. மருத்துவம் மட்டும் உண்டு. அது வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு.

சம்பளத்தில் பிடித்தும் ஆபீசில் கட்டாமல் விட்டதை, அல்லது 26 நாள் வேலைக்கு 9 நாள் என்று ஏற்றியதை, மாதாமாதம் செல்போனில் பார்த்துக் கண்டுபிடித்த செக்கிங் மேசைத் தங்கைகளுக்கு நன்றி. ஒரு மாதத்துச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். 20ஆம் தேதி வாக்கில் இ.எஸ்.ஐ. தளத்திலோ அரசின் உமங் ஆப்பிலோ எண்ணைப் போட்டால் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தவறு அந்த மாதமே தெரிந்தால் கம்பெனியிலேயே பேசித் திருத்தலாம். ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால் கான்ட்ராக்டரே மாறியிருப்பார். நீங்கள் பார்த்தது உங்கள் கணக்கை மட்டுமல்ல, பக்கத்து டேபிள் அக்காவின் கணக்கையும்தான். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததற்கும் சேர்த்து நன்றி.

நர்சம்மா, உங்களுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. கிராம சுகாதார செவிலியர் என்ற பதவியின் பெயரைவிட நர்சம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். கடைசியாகத் தூரமான, அதாவது மாதவிலக்கான, தேதி எது என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. "ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? அந்த வாரம் ஊருக்குப் போனியா, இங்கேதான் இருந்தியா?" என்று கேட்டுக் கேட்டு, சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பின்னால் புரட்டி, விரலை ஒரு கட்டத்தில் வைத்து "இந்தச் செவ்வாய்" என்று நிறுத்துவீர்கள். அதிலிருந்து 280 நாள் கூட்டினால் பிரசவ தேதி. 12 வாரத்துக்குள் பதிந்து 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணை (கர்ப்பத்தைப் பதிந்ததற்கான எண்) வாங்கிக் கொடுத்துவிடுவீர்கள். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்பது பலருக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நாங்கள் ஏன் இவ்வளவு நன்றி சொல்கிறோம் என்றால், ஸ்கேனில் ஒரு தேதி வரும், தாய் சேய் நல அட்டையில் ஒரு தேதி இருக்கும், இ.எஸ்.ஐ. மருந்தக டாக்டர் எழுதும் சான்றில் மூன்றாவதாக ஒன்று விழும். மூன்றும் முட்டிக்கொண்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். எதிர்பார்க்கும் தேதியை வைத்துத்தான் அந்த 8 வாரத்தையே எண்ணுகிறார்கள். அட்டையையும் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மருந்தகத்துக்குச் சேர்த்தே கொண்டுபோகச் சொல்லி அனுப்பினீர்கள். டாக்டரும் இரண்டையும் வைத்துப் பார்த்து ஒரே தேதியாக எழுதிக் கொடுத்தார். டாக்டருக்கும் நன்றி, டோக்கன் தீர்ந்த பிறகும் நிறைமாதப் பெண்ணைத் திருப்பி அனுப்பாத மருந்தக ஊழியருக்கும் நன்றி.

முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டிப் போய்விடுவார்கள். கிளம்புவதற்கு முன் மருந்தகச் சான்றை வாங்கி விடும்படியும், போன ஊரில் உள்ள செவிலியரிடம் அதே ஆர்.சி.ஹெச். எண்ணைக் காட்டும்படியும், அங்கே புதிதாக இன்னொரு எண் போட வேண்டாம் என்றும் வளைகாப்புப் பந்தலிலேயே வந்து சொன்ன அங்கன்வாடி டீச்சருக்குத் தனி நன்றி. இ.எஸ்.ஐ. பிரசவ வசதி இல்லாத இடத்தில் பிள்ளை பிறந்தால், பிரசவச் செலவுக்கென்று 7,500 ரூபாய் வரை இரண்டு பிரசவத்துக்கு உண்டு என்பதும் நீங்கள் சொல்லித்தான் அந்தப் பந்தலில் பலருக்குத் தெரிந்தது. காப்பீடு கணவர் பெயரில் இருந்து மனைவி வேலைக்குப் போகாதவர் என்றாலும் இந்த 7,500 பொருந்தும், பிரசவ மருத்துவமும் பொருந்தும். 26 வாரச் சம்பளம் மட்டும் கிடையாது.

எந்தக் காப்பீடும் இல்லாத பெண்களை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் சேர்த்துவிட்டவர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். 18,000 ரூபாயில் 14,000 ரொக்கம், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவம்.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எங்கள் நன்றி கொஞ்சம் நீளம். விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு "சரியில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நீங்கள் பென்சிலால் சுழித்துக் காட்டினீர்கள். ஆதாரில் "கவிதா சு", பாஸ்புக்கில் "எஸ். கவிதா", இ.எஸ்.ஐ. பதிவில் "கவிதா எம்". கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் வீட்டுக்காரர் இனிஷியல். நம் ஊர்ப் பெண்களின் பெயர் இப்படித்தான் மூன்று இடத்தில் மூன்றாக இருக்கிறது. "ஆதார்ல இருக்கிற மாதிரியே மத்த ரெண்டையும் மாத்திடுங்க, மறுபடி ஆதாரைத் தொடாதீங்க" என்று சொன்னீர்கள். பாதித் திருத்தத்தில் ஆதாரையும் மாற்றப் போய் இரண்டு மாதம் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பின் மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைச் சுட்டிக் காட்டியதும் நீங்கள்தான். முழுச் சரிபார்ப்பு செய்யாத சிறு கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு நிற்காது, ஆகவே முதலில் வங்கிக்குப் போய்ச் சாதாரண சேமிப்புக் கணக்காக்கி வா என்று சொன்னதும் நீங்கள்தான். தாள் எல்லாம் சரியாகச் சேர்ந்துவிட்டால் 14 நாளுக்குள் முதல் தொகை வர வேண்டும் என்பது விதி. உங்கள் மேசையில் அது விதியாகவே இருந்தது.

இப்போது இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். அதில் பெரிய தடங்கல் செல்போன் எண்தான். பதிவில் இருப்பது அண்ணனுடைய பழைய சிம்மாக இருக்கும். ஓ.டி.பி. எங்கேயோ போய் விழும். தன் கடைக் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றிக் கொடுத்து, ஜெராக்ஸுக்கு மட்டும் காசு வாங்கிய தம்பிக்கு நன்றி.

கரு கலைந்த பெண்களோடு நின்றவர்களுக்கு என்ன சொல்ல? பிள்ளையே இல்லையே, எந்த முகத்தோடு பணம் கேட்பது என்று வீட்டிலேயே படுத்துக் கிடப்பார்கள். நான்காம் நாளே வேலைக்கு வந்து பவர் டேபிளில் உட்கார்ந்துவிடுவார்கள். கருச்சிதைவுக்கு 6 வாரம், முழு விகிதத்தில் உண்டு. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ, குறைமாதப் பிரசவத்தாலோ உடம்பு முடியாமல் போனால் கூடுதலாக ஒரு மாதம் வரை உண்டு. "இது பிச்சை இல்லடி, உன் உடம்புக்கான ஓய்வு" என்று கையைப் பிடித்து மருந்தகத்துக்குக் கூட்டிப்போன லைன் வீட்டு அக்காமார்களே, அந்த டாக்டர் சான்று அன்றைக்கே வாங்கியதால்தான் பணம் வந்தது. ஒரு மாதம் கழித்துப் போயிருந்தால் எதை வைத்து எழுதுவார்?

பிரசவத்துக்குப் பின்னால் உதவியவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் சேயையும் வீடு வரை கொண்டுவந்து விட்ட 102 வண்டி ஓட்டுநர்களுக்கு நன்றி. 21 நாளுக்குள் பிறப்பைப் பதியச் சொன்னவர்களுக்கு நன்றி. பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். குழந்தையை இ.எஸ்.ஐ. குடும்பப் பட்டியலில் ஏற்றிக் கொடுத்த கம்பெனி ஊழியர்களுக்கும் நன்றி. மூன்றாம் மாதம் சளி கட்டி மருந்தகத்துக்குத் தூக்கிப் போகும்போதுதான் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரியும். அதற்கு முன்பே ஏற்றியிருந்தீர்கள்.

பிரசவப் பணம் வாங்கும் அந்த 26 வாரத்தில் வேறு சம்பள வேலை பார்க்கக் கூடாது. பார்த்த நாளுக்குப் பணம் கிடையாது, பின்னால் தெரிந்தால் சிக்கல். ஆள் பற்றாக்குறை என்று ஒன்றரை மாதத்தில் கூப்பிட்ட சூப்பர்வைசரிடம், "அந்தப் பொண்ணு வராது, நான் அந்த டேபிளையும் சேர்த்துப் பார்க்கறேன்" என்று சொன்ன டெய்லர் அண்ணனுக்கு இந்த மடலின் கடைசி நன்றி. பிரசவ ஓய்வில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி செல்லாது என்பதை எழுதிக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் அவர்தான்.

அன்புடன்,
விண்ணப்பம் எழுதும் மேசையிலிருந்து

பி.கு.: வரும் ஜனவரி முதல் ஜூன் வரை பிரசவ தேதி உள்ளவர்கள், செப்டம்பர் வரை ஏறிய நாட்களை இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு மாதம் சுழி என்று காட்டினால், அந்த மாதச் சம்பளச் சீட்டோடு வாருங்கள்.