செவலை போன பிறகு நான்கு காளைகளைக் காத்தவர்களுக்கு நன்றி

அருமனை பக்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

இடவப்பாதி மழை தொடங்கியபோது என் தொழுவத்தில் ஐந்து காளைகள் நின்றன. இப்போது நான்கு. அந்த நான்கும் உயிரோடு நிற்கக் காரணமானவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஊரறியச் சொன்னால்தான் மனசு ஆறும்.

இறைச்சிக்கு மாடு வளர்த்து விற்பதுதான் என் பிழைப்பு. ஆனி மாதம் செவலைக் காளை திடீரென்று தீனி எடுக்கவில்லை. உடம்பு கொதித்தது, சாணம் இறுகி உருண்டையாக விழுந்தது. அஜீரணம் என்று ஒருவர் சொன்னதை நம்பி, கஷாயம் கொடுத்து மூன்று நாளை வீணாக்கினேன். நாலாம் நாள் விடியுமுன் செவலை போய்விட்டது. பக்கத்தில் மயிலைக் காளையும் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி என் சத்தம் கேட்டு வந்தான். அன்றைய வெட்டை விட்டுவிட்டு, பைக்கில் போய் டாக்டரைக் கூட்டி வந்தான். அவன் நெற்றியில் கட்டியிருந்த விளக்கு வெளிச்சத்தில்தான் டாக்டர் மயிலையின் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறி, மஞ்சள் ஓடிக் கிடந்தது. "மூத்திரம் சிவப்பா போவுதா?" என்றார். இல்லை என்றேன். வாலைத் தூக்கினால் அடியில் ஆமணக்கு விதை மாதிரி உண்ணி!

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுவின் ஓரத்தில் பேனா முனையால் தொட்டது போல ஒரு கரும்புள்ளி. உண்ணி கடித்துப் பரப்பும் கிருமி இது, பெயர் அனாப்ளாஸ்மா மார்ஜினேல் என்றார். 1910இல் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தெய்லர் என்பவர் வைத்த பெயராம், ஓரத்தில் (மார்ஜின்) இருப்பதால் அப்படி. டாக்டர் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார், மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றினார். ஒரே ஊசியைத் திரும்பக் குத்தினாலும் இது பரவுமாம். டாக்டர், அதற்கப்புறம் நாலு நாளும் மழையில் நீங்கள் வந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம், திருநெல்வேலியிலிருந்து வந்த கால்நடை மருத்துவ மாணவி. ஊதா மூடி போட்ட குழாயில் நான்கு மாட்டிலும் ரத்தம் எடுத்தார். "எல்லாம் ஒரே கிருமிதானே, நல்லா நிக்கிற மாட்டுல எதுக்கம்மா?" என்று கேட்டேன். அவர் என் மகளின் பாசிமாலையை வாங்கிக் கையில் பிடித்தார். இந்தக் கிருமியில் எம்.எஸ்.பி.1ஏ என்று ஒரு மரபணு உண்டாம். அதில் ஒரு சின்னத் துண்டு பாசி கோர்த்த மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஓர் ஊர்க் கிருமியில் மூன்று பாசி, இன்னோர் ஊரில் ஐந்து, நிறமும் வரிசையும் மாறும். அதைப் படித்தால் எந்த வகை என்று பிரித்தறியலாம். ஒரு வகையைத் தாங்கிப் பிழைத்த மாட்டுக்குள் வேறு வகையும் நுழையலாம். எல்லா ஊருக்கும் பொருந்தும் தடுப்பூசி அமையாததற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். எனக்கு நெஞ்சில் உறைத்தது. எங்கெங்கோ சந்தையில் வாங்கி வந்து ஒரே தொழுவத்தில் கட்டுகிறவன் நான்.

ரத்தம் எடுத்துப் போகிறவர்கள் திரும்பி வருவது அபூர்வம். இந்தப் பிள்ளை இரண்டு பஸ் மாறி, முடிவைச் சொல்ல வந்தார். நல்லா நின்ற மாடு ஒன்றிலும் கிருமி இருந்தது, நோயிலிருந்து தேறிய மாடும் அதைச் சுமந்துகொண்டே இருக்குமாம். இனி புது மாட்டைத் தனியே கட்டிப் பார்த்துத்தான் சேர்ப்பேன். மகளே, நீ நல்லா இருக்கணும்.

உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்று கேட்டதும், கூப்பிடாமலே வந்து வெடிப்பெல்லாம் பூசிச் சுண்ணாம்பு அடித்த பையன்களுக்கும் நன்றி. களியக்காவிளை வியாபாரி அண்ணன் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "மருந்து போட்ட மாடு, இறைச்சியில மருந்து நீங்க டாக்டர் சொன்ன நாள் கழியட்டும், பெறவு பேசுவோம்" என்றார். அந்த வார்த்தை பணத்தைவிடப் பெரிது.

மயிலையைத் தனியே கட்டக் கொட்டிலைத் திறந்துவிட்ட கீழ்வீட்டு அக்கா, வாடகை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. அக்கா, மயிலை இன்று தவிட்டுத் தண்ணீரை வாளி காலியாகும்வரை குடித்தது. கொட்டிலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொண்டுவந்து தருகிறேன்.