செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இதுவரை அறிக்கையை நான் எழுத, பொருளாளர் வாசித்துவந்தார். ஒரு முறை கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். மறுமுறை தொண்டை கட்டிவிட்டது என்றேன். இரண்டும் பொய். எனக்குத் திக்குவாய். இன்று நானே வாசிக்கிறேன். இடையில் சொல் நின்றுபோனால் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் சொல்வார், கடுமையாகவே சொல்வார்.

இந்த ஆண்டின் புதுவேலை, சாட்ஸ்வொர்த்தில் வெள்ளி மாலைகளில் கூடும் திக்கிப் பேசுவோர் குழு. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத் திக்கல் உண்டு. பயந்த சுபாவத்தால் வருவதன்று. மூளை பேச்சை இயக்கும் விதத்திலும் பரம்பரையிலும் அதற்கு வேர் இருக்கிறது. கேட்பவர் சிரிப்பாரோ என்ற பயம் அதை முற்றவைக்கிறது. சிறுவயதில் எனக்கு வசம்பு உரசினார்கள். நாக்கு எரிந்ததுதான் மிச்சம்.

குழுவில் ஒரு தம்பிக்கு மகரம் வாயில் சிக்கும். கால் ரொட்டியையோ அரை ரொட்டியையோ குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌ கடையில் 'மட்டன்' என்று கேட்க அஞ்சி, பல ஆண்டுகளாக பீன்ஸ் பன்னியே தின்றிருக்கிறார். கடைக்காரர் அவரைச் சுத்த சைவம் என்று நம்பி, கறி படாத கரண்டியால் பரிமாறுவாராம்! தானும் திக்கியவரான அமெரிக்க அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர் வற்புறுத்திய பயிற்சிகளில் ஒன்று, வேண்டுமென்றே திக்குவது. அக்டோபர் 22, திக்குவாய் விழிப்புணர்வு நாளன்று, தம்பி கடைக்குப் போய் "ம... ம... மட்டன்" என்று இழுத்துச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ரொட்டியிலிருந்து கத்தியை எடுக்காமல் கேட்டார்: "புரட்டாசி முடிந்ததா? காலா, அரையா?"

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. தொலைபேசியில் மௌனம் நீண்டால் வைத்துவிடுகிறார்கள். அதற்கு எங்களிடம் இன்னும் வழியில்லை.

தேவாரத்தைச் சேர்ந்து பாடும்போது எங்களில் ஒருவருக்கும் திக்குவதில்லை. தனியாகக் குறள் ஒப்புவிக்கும் குழந்தைக்கு அந்தத் துணை இல்லை. சென்ற போட்டியில் ஒரு சிறுமி 'அகர' என்பதிலேயே நின்றாள். 2 நிமிட மணி அடித்துவிட்டது. அடித்தவன் நான்தான்.

ஆகவே நேர வரம்பை நீக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். நடுவர்கள் இருவருக்கு உடன்பாடில்லை என்று அறிவேன். வாதிடுங்கள். நானும் பதில் சொல்வேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும்.