பாப்பாவின் கையில் வந்த கொப்புளம்

செம்பூர், மும்பை

அன்புள்ள காவ்யா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பாப்பாவின் இடது கையில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட இடத்துக் கொப்புளம்தான். ஊசி போட்டு சில வாரத்தில் இப்படி வரும், கொஞ்சம் சீழ் கசியும், அப்புறம் தழும்பாகும். பிதுக்காதே, எதையும் தடவாதே. அக்குளில் கட்டி பெரிதானாலோ காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் காட்டு.

இந்தக் காலத்திலும் இது தேவையா என்று கேட்டிருந்தாய். தேவைதான், கண்ணு. செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் பச்சைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோய் கொடியது. அதைத் தடுக்கிறதே, அது போதாதா?

இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை வருஷம் லேபில் ரத்த ஸ்லைடு பார்த்த எனக்கு மனசு நிறைந்த விஷயம் அது. மோனோசைட் என்ற வெள்ளணு, மைக்ரோஸ்கோப்பில் மற்ற அணுக்களைவிடப் பெரிதாக, நடுவில் மடங்கிய ஊதா உட்கருவோடு தெரியும். முன்பு சந்தித்த கிருமியைப் பற்றிய ஞாபகமே அதற்குக் கிடையாது என்றுதான் நாங்கள் படித்தோம். 2012இல் நெதர்லாந்தில் மிஹாய் நெட்டியா என்ற ஆய்வாளரின் குழுவினர், பிசிஜி போட்டவர்களின் மோனோசைட்டுகளுக்குக் காசநோயோடு சம்பந்தமே இல்லாத பூஞ்சையையும் பாக்டீரியாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டு மூன்று மாதம் ஆன பிறகும், கிருமியை எதிர்க்க மற்ற அணுக்களை உசுப்பும் சைட்டோகைன் என்ற புரதங்களை முன்பைவிட அதிகமாகச் சுரந்தன!

மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் கண்டில் நூல்போலச் சுற்றியிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்தைச் செல்லால் படிக்க முடியாது. ஊசிக்குப் பிறகு, கிருமியை எதிர்க்கும் சில மரபணுக்களின் பக்கத்தில் ஹிஸ்டோனில் மெத்தில் என்ற சின்ன வேதி அடையாளங்கள் ஏறுகின்றன. அந்த இடம் தளர்ந்து, அடுத்த கிருமிக்குத் தயாராக நிற்கிறது.

மோனோசைட் ரத்தத்தில் சில நாள்தான் இருக்கும். அப்படியென்றால் மாதக்கணக்கில் எப்படி? எலும்பு மஜ்ஜையில் இவற்றைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்களிலேயே மாற்றம் பதிகிறது. 2018இல் எலிகளிலும் 2020இல் மனிதர்களிலும் இதைப் பார்த்துவிட்டார்கள்.

இதை வைத்து, பிசிஜி போட்டால் வேறு நோயே அண்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. கோவிட் சமயத்தில் பெரிய அளவில் சோதித்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மற்ற தடுப்பூசிகளையும் தள்ளிப்போடாமல் போட்டுவிடு. ஆறாவது வாரத்து ஊசி எந்தத் தேதி? தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா