புதிரோடு விதியின் ஆண்டையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சதுரங்கப் பகுதியில் வந்த செங்குத்து காஸ்லிங் புதிர் சுவையானது. (காஸ்லிங் என்பது, அதுவரை நகராத ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து இடம் மாறுவது; வழக்கமாகக் கிடைவரிசையில்தான் நடக்கும்.) ஆனால் அதன் அடியில் சேர்த்திருந்த வரலாற்றுக் குறிப்பு சரியன்று. இ8 கட்டத்தை எட்டிய வெள்ளைச் சிப்பாய் யானையாக மாறுகிறது. அந்த யானையும் இ1-இல் நிற்கும் ராஜாவும் இன்னும் ஒருமுறைகூட நகரவில்லை, இடையிலுள்ள கட்டங்களும் காலி. ஆகவே ராஜா இ3-க்கும் யானை இ2-க்கும் வந்து காஸ்லிங் செய்துகொள்ளலாம் என்பதே, நெதர்லாந்து எழுத்தாளர் டிம் கிராபே 1972-இல் அமைத்த அந்த வேடிக்கைப் புதிரின் சூட்சுமம். இந்த ஓட்டையை அடைக்கவே சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1974-இல் விதியைத் திருத்தியது என்று கிராபேயே பின்னாளில் எழுதினார். அதைத்தான் தங்கள் குறிப்பும் வழிமொழிகிறது. உண்மையில், இரு காய்களும் ஒரே கிடைவரிசையில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை 1930-ஆம் ஆண்டின் ஃபிடே விதிகளிலேயே இருக்கிறது. கதை நன்றாக இருப்பதால்தான் யாரும் பழைய விதியைப் புரட்டிப் பார்க்கவில்லை போலும்.

விதி மாறியதால் விடை மாறிய புதிர்களுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டிஷ் செஸ் சங்கத்தின் 1862 விதிப்படி, எட்டாவது வரிசையை அடைந்த சிப்பாய் சிப்பாயாகவே நின்றுவிடலாம். ராணி கிடைக்கும்போது இதை யார் விரும்புவார்கள் என்று தோன்றும். தோற்கும் நிலையில் இருப்பவர் விரும்புவார். ராணி வந்தால் நகர இடம் இருக்கும், ஆட்டம் நீண்டு தோல்வியில் முடியும், ஆனால் எட்டாவது வரிசையில் முடங்கிய சிப்பாயோ அசையவே முடியாதாகையால், செக் இல்லாமலே ஆட நகர்வின்றிப் போகும் ஸ்டேல்மேட் நிலை உருவாகி டிரா கிடைக்கும். உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸ் 1889-இல்கூட இவ்விதியை ஆதரித்து எழுதினார். அந்த நிலையை இன்று அச்சிட்டு 'வெள்ளை டிரா செய்க' என்றால் வாசகர் எவ்வளவு யோசித்தாலும் பயனில்லை.

இன்னும் பின்னே போனால், 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் புகழ்பெற்றிருந்த சதுரங்க வல்லுநர் அஸ்-சூலியின் புதிர். அக்கால ஆட்டத்தில் ராணியின் இடத்தில் நின்ற காய் குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகரும். எதிரி ராஜாவைத் தனியனாக்கினாலே வெற்றி. ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் 1980-களில் அதன் தீர்வை வெளியிட்டது அந்தப் பழைய விதிகளின்படிதான்.

அண்மைக்கால மாற்றம் ஒன்று இவற்றைவிட நுட்பமானது. கறுப்பு ராஜா எச்8 மூலையில். பக்கத்தில் ஜி7-இல் காப்பில்லாத வெள்ளை ராணி செக் கொடுக்கிறது. வெள்ளை ராஜா தொலைவில் இ1-இல். பலகையில் வேறு காய்களே இல்லை. கறுப்பு என்ன ஆட வேண்டும்? ராணியை வெட்டுவது ஒன்றே வழி என்று எவரும் சொல்வார்கள், 1997-க்கு முன் அதுவே சரியான விடையும்கூட. அவ்வாண்டு வந்த விதியோ, எந்த நகர்வு வரிசையாலும் யாரும் யாரையும் செக்மேட் செய்ய முடியாத நிலை தோன்றிய கணத்திலேயே ஆட்டம் டிரா என்கிறது. இங்கே ராணியை வெட்டுவதைத் தவிர வேறு நகர்வு இல்லை. வெட்டினால் இரு ராஜாக்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆகவே ராணி ஜி7-க்கு வந்தபோதே ஆட்டம் முடிந்துவிட்டது. கறுப்பு ஆட வேண்டிய நகர்வே இல்லை. இது வெறும் சொல்விளையாட்டன்று: அந்தக் கணத்துக்குப் பிறகு கறுப்பின் கடிகாரத்தில் நேரம் தீர்ந்தாலும் முடிவு டிராதான்.

புதிர் அமைப்போரின் சர்வதேச நெறித்தொகுப்போ, முன்நடந்த நகர்வுகளைக் கண்டறியச் சொல்லும் புதிர்களைத் தவிர மற்றவற்றில், தனியே குறிப்பிட்டாலன்றி, இந்த விதியும், சிப்பாய் நகர்வோ வெட்டோ இன்றி 50 நகர்வுகள் கடந்தால் டிரா கோரலாம் என்ற 50 நகர்வு விதியும் பொருந்தா என்கிறது. அதாவது, ஒரே பலகை நிலைக்குப் போட்டி மேசையில் ஒரு விடை, புதிர்ப் பக்கத்தில் வேறு விடை.

எனவே, குறும்புப் புதிர்களை வெளியிடும்போது அது இயற்றப்பட்ட ஆண்டையும், எந்தக் காலத்து விதிப்படி தீர்க்க வேண்டும் என்பதையும் படத்தின் கீழ் ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன். அந்த வரி விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பகுதி பொறுப்பாளர் தயங்கினால், அடுத்த வார விடையுடனாவது அதைச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்