மைக்கின் முன் உட்காரும் முன்னே: ஒலிநூல் வெளியிடுவோருக்குச் சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழில் ஒலிநூல் கொண்டுவரும் பதிப்பகத்தாருக்கும், செயலி நடத்துவோருக்கும், குரல் கொடுக்கும் கலைஞர்களுக்கும் வணக்கம்.

அச்சில் நாவல் படிப்பதோடு ஒலிநூலும் விடாமல் கேட்கிற சேலம், ஏற்காட்டு வாசகர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒலிப்பதிவு தொடங்கும் முன் நாவலுக்கு ஒரு வாசிப்புப் படி, அதாவது வாசிப்பவருக்கான குறிகள் போட்ட பிரதி, தயாரியுங்கள். எந்தக் குரலும் நாலு அத்தியாயத்தில் பழகிவிடும். முன்கூட்டிப் படிக்காமல் வாசிப்பவரின் தடுமாற்றம் கடைசி வரை பழகாது.

இந்த ஊரில் ஒலிநூல் கேட்கிறவர்களின் கை பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. கொலுசுப் பட்டறையில் வளையம் கோக்கிறவர்கள், வீட்டோடு தறி வைத்திருப்பவர்கள், ஆத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர்கள், ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் என்று பலரும் உண்டு. பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்க இவர்களுக்கு வழியில்லை. முப்பது நொடி பின்னால் தள்ளக்கூட வேலையை நிறுத்திக் கை துடைக்க வேண்டும். ஆகவே ஒரு வாக்கியம் முதல் தடவையிலேயே காதில் விளங்கியாக வேண்டும்.

அது விளங்காமல் போவதற்கு முதல் காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் நாவல்களில் பேச்சு முதலில் வரும், ‘என்றான்’, ‘என்றாள்’ பின்னால் வரும். அச்சில் கண் முன்னால் ஓடி யார் பேசுகிறார் என்று பார்த்துக்கொள்ளும். குரலுக்கு அந்த வசதி கிடையாது. முன்தயாரிப்பு இல்லாதவர் மருமகளின் பேச்சை மாமனார் குரலில் தொடங்கி, ‘என்றாள்’ வந்ததும் திகைப்பார். இப்போது பலர் மேற்கோள் குறியும் போடுவதில்லை என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஓரத்தில் பேசுபவரின் முதலெழுத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால் போதும். ஒரு நாவலுக்கு இரண்டு நாள் வேலை.

இரண்டாவது, எச்சங்கள். ‘எழுந்து, முகம் கழுவி, பால் வாங்கி வந்து’ என்று அடுக்கிப் போகும் வாக்கியத்தில் ஒவ்வொரு காற்புள்ளியிலும் தொனியை இறக்கினால், கேட்பவர் ஒவ்வொரு தடவையும் வாக்கியம் முடிந்துவிட்டதாக எண்ணுவார். வினைமுற்று வரும் வரை தொனி தூக்கியே இருக்க வேண்டும். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் முன்பே ஒரு சாய்கோட்டால் குறிக்க வேண்டும். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் சொற்களைப் பிரித்து அச்சிடும் வழக்கம் மாறுகிறது. ‘கை விட்டான்’ என்று அச்சில் இடம் விட்டிருக்கும். அதை இடைவெளியோடு வாசித்தால் எதற்குள்ளோ கையை விட்டான் என்று ஆகும், சேர்த்து வாசித்தால் உறவை விட்டான் என்று ஆகும். எது சரி என்பதைப் படியில் கோடு போட்டு இணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, சொல் பட்டியல். ‘காகம்’ என்பதிலும் ‘காந்தி’ என்பதிலும் முதல் எழுத்து அச்சில் ஒன்றுதான், ஒலியில் வேறு. ஆள் பெயர், ஊர்ப் பெயர், வட்டாரச் சொல், ஆங்கிலத்திலிருந்து வந்த சொல், எண், சுருக்கக் குறி எல்லாவற்றையும் முதல் வாசிப்பிலேயே ஒரு நோட்டில் எடுத்துவிடுங்கள். எழுத்தாளர் உயிரோடு இருப்பவரானால் அந்தப் பட்டியலை அவரையே சொல்லச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரலாக வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற காரியம். ‘1942-ல்’ என்பதை ஒரு கிழவி ‘நைன்டீன் ஃபார்ட்டி டூ’ என்று சொல்லமாட்டார். ‘ரூ.’, ‘கி.மீ.’ போன்றவற்றை எழுத்தெழுத்தாக வாசிப்பதும் இன்னும் நடக்கிறது.

வட்டாரப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்களுக்கு அதிகம் வலிக்கிற இடம் அதுதான். கதை சொல்லும் நடை ஒன்று, பாத்திரம் பேசும் பேச்சு ஒன்று என்று தமிழ் நாவல் இரண்டு மொழியில் ஓடுகிறது. அச்சில் எழுத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். காதுக்கு அந்த மாற்றத்தைக் காட்டுவது வாசிப்பவரின் வேலை. கதை நடையில் ழகரம் துல்லியமாக இருக்கட்டும். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று எழுத்தாளர் ஒரு பாத்திரத்துக்கு எழுதியிருந்தால் அப்படியே வாசியுங்கள், திருத்தாதீர்கள். இன்னொரு தவறு, எல்லாக் கிராமத்துப் பாத்திரத்துக்கும் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்த ஒரே ‘கிராமத்துக் குரல்’ கொடுப்பது. கொங்குப் பேச்சின் ‘ங்க’ வெறும் மரியாதை விகுதி இல்லை, அதற்கென்று இழுப்பும் இறக்கமும் உண்டு. ஆளைக் கூப்பிடும் ‘ஏனுங்க’வைக் காரணம் கேட்கும் தொனியில் வாசித்தால் காட்சியே மாறிவிடும். ஒறம்பரை (விருந்தாளி), நோம்பி (பண்டிகை), பொடக்காளி (கொல்லைப்புறம்) போன்ற சொற்களில் தயங்கி நின்று வாசித்தால், அந்த வீட்டில் பிறந்த பாத்திரம் அந்த வீட்டுக்கே விருந்தாளியாகிவிடுகிறது.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் பேச்சு ஒன்றல்ல. எடப்பாடி, சங்ககிரிப் பக்கம் காவிரிக்கரைக் கொங்கு. ஆத்தூர் தாண்டித் தலைவாசல் போனால் கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டுச் சாயல் வந்துவிடும். சேர்வராயன் மலையில் காலகாலமாக வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். அவர்கள் பேசுவது தமிழ். இது தெரியாமல் அந்தப் பாத்திரங்களுக்குக் கேரளத்துச் சாயலில் குரல் கொடுத்தால் மலைக்காரர்கள் யாரும் அதை இரண்டாவது நிமிடம் கேட்கமாட்டார்கள்.

அண்மைக்கால நாவல்களில் மூன்றை எடுத்துச் சொல்கிறோம், இனி யார் ஒலிப்பதிவு செய்தாலும் உதவும் என்பதால்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களின் பேச்சாலேயே பெரும்பகுதி நகரும் நாவல். நாடகமாக்கிப் பத்துக் குரல் வைக்க ஆசை வரும், வேண்டாம். ஒரே குரல், ஆளுக்கு ஆள் வேகமும் அழுத்தமும் மட்டும் மாறினால் போதும். முக்கியமாக, வாசிப்பவர் அழக் கூடாது. அந்த மனிதர்கள் பணம், மருந்து, பழி என்று பேசிக்கொண்டே இருப்பதுதான் நாவலின் கனம். குரல் முந்திக்கொண்டு விம்மினால் கேட்பவருக்கு உணர ஒன்றும் மிஞ்சாது.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ 2023-க்கான அதே விருது பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் வாழ்க்கை. தலைப்பு புறநானூற்றிலிருந்து வருவது. அதில் உள்ள அளபெடையை ‘படூ’ என்று நன்றாக நீட்டாமல் ‘படும்’ என்று சுருக்கினால் அட்டையிலேயே பிழை. இந்த நாவலில் உறவுகள் நிறைய, காலமும் முன்னும் பின்னும் போகும். அச்சில் ஒரு வெற்று வரி செய்கிற வேலையை ஒலியில் இரண்டு, இரண்டரை நொடி அமைதி செய்ய வேண்டும். சாதாரணப் பத்தி இடைவெளி ஒரு நொடிக்குள் இருந்தால்தான் இந்த வேறுபாடு காதுக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கி யாருக்கு யார் என்ன முறை என்று சொல்லிவிடுவது நல்லது. எழுத்தாளர் சம்மதித்தால் மட்டும்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023 சர்வதேச புக்கர் விருதின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது) ஒலிக்கு மிகவும் பொருந்தும் நாவல். நாயகன் குமரேசனின் தாயின் புலம்பல் ஒப்பாரியாக எழும் இடங்கள்தான் சோதனை. அவற்றைச் சினிமாப் பாட்டு மெட்டில் பாடவும் கூடாது, உரைநடையாகத் தட்டிவிடவும் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து வாசிப்பவருக்கு அரை நாள் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். அவருக்கு உரிய கூலியும் கொடுங்கள்.

இப்படிப்பட்ட நாவல்கள் இருக்க, ‘பொன்னியின் செல்வ’னையே ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப ஒலிப்பதிவு செய்வதன் காரணம் எங்களுக்குத் தெரியும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது, யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை. ஆனால் இன்று எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளருக்கு ஒலி உரிமை ஒரு வருமானம். அச்சு ஒப்பந்தத்தில் ஒலி உரிமையைத் தனி வரியாக எழுதுங்கள், ஆண்டுக் கணக்கையும் குறியுங்கள். காலம் குறிக்காத உரிமை மாற்றம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுதான் செல்லும் என்பது எழுத்தாளர்கள் பலருக்கே தெரியாது.

செலவுக் கணக்கும் மறைவானதில்லை. 250 பக்க நாவல் என்றால் ஏறக்குறைய 50,000 சொல். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 110 சொல், ஆக ஏழரை மணி நேர ஒலிநூல். பதிவு அறையில் அதற்கு இரட்டிப்பு நேரம் ஆகும். வெட்டி ஒட்ட அதைவிடக் கூடுதல். அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க இன்னும் பத்து மணி நேரம். பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தக் கடைசி வேலைதான். ஒரே வாக்கியம் இரண்டு தடவை வருவதும், ஒரு பத்தியே காணாமல் போவதும், வாசிப்பவர் ‘இன்னொரு தடவை’ என்று சொன்னது அப்படியே நிற்பதும் அதனால்தான்.

ஒலித்தரத்துக்கு எட்டாத அளவுகோல் எதுவும் கேட்கவில்லை. ஒலிநூல் விற்கும் ஆடிபிளுக்கு நூல் கொடுக்கும் ஏசிஎக்ஸ் தளம் வைத்திருப்பதே போதும். சராசரி அளவு ஆர்எம்எஸ் கணக்கில் –23 முதல் –18 டெசிபலுக்குள், உச்சம் –3-ஐத் தாண்டாமல், பேச்சில்லாத இடத்தின் இரைச்சல் –60-க்குக் கீழே. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில், நடுவே பாப் ஃபில்ட்டர் என்னும் காற்றுத் தடுப்பு வலை. இல்லையென்றால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். விசிறியையும் டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள். தறி ஓடும் தெருவில் சத்தம் சுவர் வழியாக மட்டுமல்ல, தரை வழியாகவும் ஏறும். மைக் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வடிகட்டினால் பெரும்பகுதி போய்விடும். மீதியை மென்பொருளால் துடைக்கப் போய்க் குரலைத் தண்ணீருக்குள் பேசுவதுபோல ஆக்கிவிடாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இயர்போனில் கேட்பவருக்கு மிகவும் உறுத்துவது: வாக்கியங்களுக்கு நடுவே வெட்டிய இடத்தில் முழு மௌனத்தை நிரப்புவது. அறையின் மெல்லிய ஓசை சட்டென்று அறுந்து, அடுத்த சொல்லோடு திரும்ப முளைக்கும். பதிவு தொடங்கும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, இடைவெளிகளில் அதை நிரப்புங்கள். அடுத்த நாள் பதிவுக்கு உட்காரும்போது முந்தைய நாளின் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்கினால், அத்தியாயத்தின் நடுவே குரல் மாறிப்போகாது. பின்னணி இசை அத்தியாயத்தின் தலையில் ஐந்து நொடி போதும். வாசிப்புக்கு அடியில் புல்லாங்குழல் ஓடவே கூடாது.

செயலி நடத்துவோருக்கு: நாவலின் அத்தியாயப்படியே கோப்புகளைப் பிரியுங்கள், பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வேண்டாம். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும், அதனால் முழு நூலையும் இறக்கி வைத்துக்கொள்ள வழி வேண்டும். ஒற்றைத் தடத்தில் (மோனோ) 64 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 29 எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். விவரப் பக்கத்தில் வாசித்தவர் பெயர், மொழிபெயர்ப்பாளர் பெயர், எந்தப் பதிப்பு, முழுமையா சுருக்கமா, மனிதக் குரலா இயந்திரக் குரலா என்பது கட்டாயம் இருக்க வேண்டும். இயந்திரக் குரலை நாங்கள் தடுக்கவில்லை. செய்தி கேட்க அது உதவும். வட்டாரப் பேச்சு நிறைந்த நாவலுக்கு அது இன்னும் தகுதி பெறவில்லை என்பது எங்கள் முடிவு. அதை மறைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

பார்வையற்ற வாசகர்களை மறந்துவிட்டு ஒலிநூல் பற்றிப் பேச முடியாது. அவர்களுக்காக லாப நோக்கின்றி நூலைப் படிக்கத்தக்க வடிவில் ஆக்க, 2012-ல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. பார்வையற்றோருக்கு நூல் கிடைக்க வழிசெய்ய 2013-ல் உருவான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் முதல் நாடாக ஏற்றதும் இந்தியாதான். தடை சட்டத்தில் இல்லை, கோப்பில் இருக்கிறது. பழைய எழுத்துருவில் கோத்த நூலை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும், திரையில் உள்ளதைக் குரலாக்கும் திரை வாசிப்பானுக்கு அது வெறும் இரைச்சல். புதிய நூல் ஒவ்வொன்றையும் யூனிகோடில் கோத்து, சுத்தமான ஒரு கோப்பைத் தனியே எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. முழு நாவலையும் பதிவு செய்யும் முன் முதல் பதினைந்து நிமிடத்தை அந்த வட்டாரத்துக்காரர் இருவரிடம் கொடுங்கள். அதில் ஒருவர் அச்சுப் பிரதியைப் பார்க்காதவராக இருக்க வேண்டும், குழம்பும் இடம் அவருக்குத்தான் தெரியும். நிமிடம், நொடி, சொல் என்று குறித்துத் தருவார்கள். எடப்பாடி, ஆத்தூர், ஏற்காடு மூன்று பக்கத்துப் பேச்சும் தெரிந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். இந்தப் பகுதியைத் தொட்டு எழுதிய நாவல் எதுவானாலும் சொல் பட்டியலைச் சரிபார்த்துத் தருகிறோம், கட்டணம் வேண்டாம். பட்டியலைப் பதிவுக்கு முன்னதாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒலிநூல் கேட்கும் வாசகர்கள் சிலர்,
சேலம் – ஏற்காடு